கரிச்சட்டி வைத்த அறை

அம்மாவைப் பத்திரமாக ஊருக்கு ரயிலேற்றி அனுப்ப வேண்டும். அந்த வாரம் என் தலையில் இருந்த ஒரே பொறுப்பு அதுதான். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், மதுரைக்கு வடக்கே அதுவரை வந்ததில்லை. டெல்லி முனிர்காவில் நான் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று, குளிர்காலத்தில் வராதே என்று சொல்லியும் கேட்காமல், தனியாகக் கிளம்பி வந்துவிட்டாள். அப்பாவுக்கு அதில் கோபம். தினமும் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "அவள பத்திரமா பாத்துக்கிடு" என்பார். அம்மாவிடம் பேசாமலே வைத்துவிடுவார்.

குருக்ஷேத்திரம் போகும் யோசனை அம்மாவுடையது. யுத்தம் நடந்த மண்ணில், குளத்தில் ஒரு முங்காவது போடாமல் ஊருக்குப் போனால் தெருவில் ஒருத்தி மதிக்கமாட்டாள் என்றாள். டாக்சி பேசிப் போனோம். வெயில் எட்டிப்பார்க்காத குளத்தில் மூன்று முங்கு போட்டுவிட்டுக் கரையேறியவளுக்கு அதன்பின் நடுக்கம் நிற்கவில்லை. இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் என் ஜாக்கெட், தலையில் சால்வை எல்லாம் சுற்றியும் காரின் பின்சீட்டில் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது.

திரும்பும் வழியில் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. பெரிய சாலையில் முன்னால் லாரிகள் மோதிக் கிடப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டு டிரைவர் ஒரு கிளைச் சாலையில் திரும்பினார். டெல்லி எல்லைக்குள் வந்துவிட்டோம், நரேலாவுக்கு மேற்கே எங்கேயோ இருக்கிறோம் என்று என் போன் காட்டியது. வெளியே அதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. கடுகு வயல், ஒரு வாய்க்கால், மறுபடி வயல். பிறகு அதுவும் மறைந்து, கார் பானட்டுக்கு முன்னால் பாலைக் கொட்டிவிட்ட மாதிரி ஒரு சுவர் மட்டும் நின்றது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஒரு இடத்தில் எதிரே ஹாரன் இல்லாமல் ஒரு டிராக்டர் முளைத்தது. அதற்குப் பிறகு அவர் ஓட்டத் தயாராக இல்லை.

"மேடம், இதுக்கு மேல முடியாது. நீங்க ரெண்டு பேரும் என் பொறுப்பு. இங்க ஒரு மோட்டல் இருக்கு, காலையில பனி விலகினதும் போகலாம்" என்று இந்தியில் சொல்லி, ஒரு வளைவுக்குள் வண்டியை விட்டார். நிறுத்திவிட்டு, பக்கத்து கிராமத்தில் மச்சான் வீடு இருக்கிறது, நடந்தே போய்விடுவேன் என்று சொல்லிக் கிளம்பியும்விட்டார். பத்தடி போவதற்குள் அவரைப் பனி விழுங்கியது. அவர் செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அந்த இடம் கல்யாணங்களுக்காகக் கட்டியது. முன்னால் பெரிய புல்வெளி, பின்னால் வெளியூர் விருந்தாளிகள் தங்க ஒரு வரிசை அறைகள். மார்கழி மாதம். வடக்கேயும் அந்த மாதத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் ஈ காக்கை இல்லை. புல்வெளியில் பந்தல் கம்பிகள் குவிந்து கிடந்தன. வரவேற்பறை என்ற இடத்தில், நாற்காலிக்குப் பதிலாக, மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபா போட்டிருந்தது. ஒரு கையின் தங்கப் பூச்சு உரிந்து தெர்மாகோல் தெரிந்தது. அம்மாவை அதில் உட்காரவைத்தேன்.

"ஒனக்குக் கல்யாணம் வேண்டாம் வேண்டாம்னு எத்தன வருசமா சொல்லுத," என்றாள் நடுங்கிக்கொண்டே. "இப்பம் பாரு, நாம்போயி மணவடையில உக்காந்திருக்கேன்."

சிரிக்க முடியவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது இருக்கும். மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பேசும்போது சாராய வாடை அடித்தது. உள்ளே, சமையற்கட்டுப் பக்கம், இன்னொரு ஆள் குந்தியிருந்தான். அவன் என் ஷூவிலிருந்து தொடங்கி மெல்ல மேலே வரைக்கும் பார்த்தான். நான் பார்த்ததும் பார்வையை விலக்கவில்லை.

"கூட ஆம்பளை யாரும் வரலையா?" என்று மஃப்ளர்காரர் கேட்டார்.

"டிரைவர் இருக்கார். கார்லதான் தூங்குறார்" என்றேன்.

"அவன் இப்பதான் கேட்டைத் தாண்டிப் போனான்" என்றார் அவர். சும்மா சொன்ன மாதிரிதான் இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு அம்மாவைக் கைபிடித்து எழுப்பினேன்.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஒரு செயலி எந்தெந்த வழியில் பழுதாகலாம் என்று வரிசைப்படுத்தி எழுதுவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். எழுதி முடித்ததும் பயம் பாதியாகக் குறைந்துவிடும். பழகிவிட்ட புத்தி, அறைக்குள் நுழைந்ததும் அதே வேலையைத் தொடங்கியது. கதவின் மேல் தாழ்ப்பாள் சட்டத்தைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு தொங்குகிறது. கீழ்த் தாழ்ப்பாள் விழுகிறது, ஆனால் ஒரு தள்ளு தாங்காது. கதவுக்கு மேலே வராந்தாவைப் பார்த்த காற்றுத் துவாரத்தில் கண்ணாடி இல்லை, ஒரு ஸ்டூல் போட்டால் யாரும் எட்டிப் பார்க்கலாம். குளியலறை ஜன்னலில் பாதிக் கண்ணாடி. இந்த வரிசையில் மற்ற எந்த அறையிலும் வெளிச்சம் இல்லை. போனில் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போகிறது. வரிசை முடிந்தது, பயம் குறையவில்லை. அப்போது கரண்டும் போயிற்று.

இருட்டில் அம்மாவின் பற்கள் அடித்துக்கொள்வது இன்னும் பெரிதாகக் கேட்டது. பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வை இரண்டு இருந்தது, இரண்டிலும் ஈரம். தொட்டுப் பார்த்தேன், அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன, போன் வெளிச்சத்தில் நகம் நிறம் மாறித் தெரிந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் நானே வராந்தாவில் நின்று, "பையா, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று அண்ணன் முறை வைத்து இந்தியில் குரல் கொடுத்தேன்.

மஃப்ளர்காரர் வெந்நீருக்குப் பதில் ஒரு இரும்புச் சட்டியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கீட்டி. குளிர்காலத்தில் டெல்லித் தெருவோரத்தில் காவல்காரர்கள் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்கிறார்களே, அந்தக் கரி அடுப்பு. நன்றாகப் பிடித்து, புகையெல்லாம் அடங்கி, ஆரஞ்சுப் பழங்களாகக் கரி கனன்றது. அதை இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இரண்டு செங்கல் மேல் வைத்தார்.

"கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்க" என்றார் போகும்போது. "சாத்தாதீங்க. தூங்கறதுக்கு முன்னால நான் வந்து எடுத்துட்டுப் போறேன்."

"அச்சா" என்றேன். அவர் காலடி மறைந்ததும் கதவைச் சாத்தினேன்.

இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆளில்லாத ஒரு மோட்டலில், இருட்டில், குடித்திருக்கும் ஒரு மனிதர் தனியாக இருக்கும் இரண்டு பெண்களிடம் கதவைத் திறந்து வையுங்கள், நான் திரும்ப வருவேன் என்கிறார். டெல்லியில் ஐந்து வருடம் தனியாக இருந்த எந்தப் பெண்ணும் நான் செய்ததைத்தான் செய்திருப்பாள். கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டேன். காலியாக இருந்த இரும்புக் கட்டிலை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே முட்டுக்கொடுத்தேன். சூட்கேசின் மேல் ஏறி, காற்றுத் துவாரத்தில் அம்மாவின் ஈரச் சேலையைச் சுருட்டி அடைத்தேன். குளியலறைக் கதவைச் சாத்தி, அதன் அடி இடுக்கில் துண்டைத் திணித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்க்கவோ, ஒரு விரலை நுழைக்கவோ ஓரிடம்கூட மிச்சமில்லை.

அம்மாவுக்கு அதற்குள் முகம் தெளிந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஈரத் தலைமுடியைப் பிரித்து, கரிச்சட்டியின் மேல் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தால் இதே மாதிரிதான், சட்டியில் கரி போட்டுச் சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து முடியைக் காயவைப்பாள். எங்கள் வீட்டில் கரிச்சட்டி ஒரு நல்ல பொருள். பிள்ளை பெற்ற வீட்டில் அது இருக்கும், மழைக்காலத்தில் துணி காய அது இருக்கும். ஆனால் அந்த வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி, ஜன்னலைச் சாத்திய நாளே கிடையாது. இதெல்லாம் அப்போது என் நினைவில் இல்லை.

"இம்புட்டு சாம்பிராணி இருந்தா எப்படி இருக்கும்" என்றாள் அம்மா. "எதுக்குட்டி கட்டில இழுத்துப் போட்டிருக்க? பாவம், நெருப்பு கொண்டாந்து தந்தான் அந்த மனுசன்."

"நீங்க சும்மா இருங்கம்மா. இந்த ஊரு ஆளுங்களப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது."

"ஒனக்குத் தெரியுமாக்கும்."

கை கால் இளகிப்போய், ரஜாயைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். நானும் அவள் காலடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த நாள் முழுவதிலும் அப்போதுதான் முதல்முறையாக எனக்கும் கதகதப்பாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"மேடம், அங்கீட்டி" என்றது மஃப்ளர்காரரின் குரல். "வெளிய எடுக்கணும்."

நான் அசையவில்லை. அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், தோளை அழுத்திப் பிடித்தேன்.

"மேடம்ஜி, கதவைத் திறங்க."

"இருக்கட்டும்" என்றேன். "காலையில எடுத்துக்கலாம்."

"ராத்திரி உள்ள வைக்கக்கூடாது. ஓட்டல்ல அப்படித்தான் வழக்கம். திறங்க."

என் குரலை என்னால் முடிந்த அளவு சாதாரணமாக வைத்துக்கொண்டேன். "அம்மா தூங்கிட்டாங்க. நீங்க போங்க."

அவர் நடந்து போவது கேட்டது. பிறகு ஒருவருக்குப் பதில் இருவர் காலடி கேட்டது. தாழ்ந்த குரலில் அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். சமையற்கட்டு ஆள் என்று புரிந்தது. இந்தத் தடவை தட்டவில்லை, கையால் அறைந்தார்கள். கட்டில் இரும்பு அதிர்ந்தது. கைப்பிடி கீழே போய் மேலே வந்தது. நான் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்து முதுகைக் கதவில் கொடுத்தேன். அவர்கள் ஒவ்வொரு தடவை அறைவதும் என் முதுகெலும்பில் கேட்டது. போனை எடுத்துப் போலீசுக்கு அழுத்தினேன். இணைப்பே கிடைக்கவில்லை.

"பைத்தியக்காரப் பொண்ணு" என்றது ஒரு குரல், இந்தியில். "நான் என்ன உன் கரியைத் திங்கவா கேக்கறேன்? ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் என்னைத்தான் உள்ள வைக்கும்."

ஏதாவது ஆச்சுன்னா, போலீஸ் என்பவை மட்டும்தான் என் காதில் ஏறின. ஏதாவது ஆகும் என்று அவரே சொல்கிறார் என்று நினைத்தேன். காலடிகள் விலகிப் போயின. போய்விட வேண்டும், திரும்பி வரக்கூடாது என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியிருந்தது. மதியம் டீ குடிக்கவில்லை, அதனால் என்று நினைத்தேன். பிறகு குமட்டியது. பயத்தினால் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் என்னிடம் இருந்தது.

"தல கனக்கு" என்று அம்மா முனகினாள்.

"மாத்திரை போட்டீங்களாம்மா?"

பதில் வர நேரமாயிற்று. "பஸ்சு வந்துட்டா?" என்றாள்.

"எந்த பஸ்சும்மா?"

"கொடைய எடுத்துக்கிடு" என்றாள். குரல் குழைந்திருந்தது. வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி.

இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தை முகத்தில் அடித்தேன். கன்னம் இரண்டும் நல்ல ரோஜா நிறத்தில் இருந்தன. மாநிறமான என் அம்மாவை அந்த நிறத்தில் நான் பார்த்ததே இல்லை. கண்ணைச் சுருக்கவில்லை. "அம்மா" என்று உலுக்கினேன். தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

அப்போதுதான் சட்டியைப் பார்த்தேன். புகை இல்லை. வாடை இல்லை. அழகாகக் கனன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் டெல்லிப் பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும்: மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கிய தொழிலாளிகள் காலையில் எழுந்திருக்கவில்லை. படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. பள்ளிக்கூடத்தில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

எழுந்தேன், முழங்கால் மடங்கிவிட்டது. தவழ்ந்துதான் கதவுக்குப் போனேன். கட்டிலை இழுத்தேன். கொஞ்சம் முன்னால் ஒரே மூச்சில் இழுத்துப் போட்ட அதே கட்டில், இப்போது தரையில் சிமெண்ட் வைத்துப் பூசிய மாதிரி இருந்தது. கையில் பலமே இல்லை. அம்மா குறட்டை விடத் தொடங்கியிருந்தாள், அவள் குறட்டை விடுகிறவள் இல்லை.

"பையா" என்று கத்தினேன். "பையா, ஜல்தி வாங்க. கதவைத் தள்ளுங்க."

போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்களையே கூப்பிட்டேன். போயிருப்பார்களோ என்று அப்போது பட்ட பயம்தான் அன்றைக்கெல்லாம் பட்டதிலேயே பெரியது. மறுபடி கத்தினேன். ஓடிவரும் சத்தம். இரண்டு பேரும் வெளியிலிருந்து முட்ட, நான் உள்ளே கட்டில் காலைப் பிடித்து இழுக்க, தாழ்ப்பாள் பிய்ந்து எங்கேயோ தெறித்தது. இடுக்கு பெரிதாகி, முதலில் ஒரு கை வந்தது. பிறகு தோள். இருட்டில் இரண்டு ஆண்கள் என் அறைக்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள், நான் அவர்களுக்கு உதவி செய்துகொண்டிருக்கிறேன்.

சமையற்கட்டு ஆள் சட்டியை வெறும் சாக்கைச் சுற்றித் தூக்கி வராந்தாவுக்கு வெளியே வீசினான். பனியில் விழுந்து சீறியது. மஃப்ளர்காரர் அம்மாவைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். நான் காலைப் பிடித்தேன், பிடித்தேன் என்று சொல்வதற்கில்லை, கூடப் போனேன். வராந்தாவின் கோடியில், சுவரில்லாத இடத்தில், மெத்தையைப் போட்டுக் கிடத்தினோம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

"ரெண்டு தடவை வந்து கேட்டேன்" என்று மஃப்ளர்காரர் கத்தினார். "ரெண்டு தடவை. படிச்ச பொண்ணுதானே நீ?"

"எதுக்குன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எதுக்குன்னு யாருக்குத்தான் தெரியாது?"

வராந்தாவின் அந்த மூலையில் சிக்னல் வந்தது. ஆம்புலன்சுக்குப் பேசினேன். பனியில் வண்டி வர நேரமாகும், வந்துவிடுவோம், அதுவரை வெளிக்காற்றிலேயே வையுங்கள், ஒருபக்கமாகப் படுக்கவையுங்கள், பேசிக்கொண்டே இருங்கள் என்றார் அந்த முனையில் இருந்த பெண். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தைத் தட்டி, அம்மா அம்மா என்றேன். மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரலை வைத்தேன். குளிரில் அவள் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளைக்கும் அடுத்தது வரும்வரை நான் மூச்சு விடவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக இமை அசைந்தது. பிறகு இருமினாள், மெத்தையிலேயே வாந்தி எடுத்தாள். பிறகு என் கையைத் தட்டிவிட்டாள்.

"எதுக்குட்டி அறைய?" என்றாள். "குளுருதுன்னு சொல்லுதேன், வெளிய கொண்டாந்து போட்டிருக்க."

சமையற்கட்டு ஆள் சிரித்தான். தமிழ் தெரியாது, ஆனால் திட்டுகிறாள் என்பது தெரிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து அப்பா கூப்பிட்டார். பேரைப் பார்த்துக்கொண்டே போனைக் கையில் வைத்திருந்தேன். அம்மாதான் போனை வாங்கிக் காதில் வைத்தாள். "நல்லாத்தான் இருக்கோம்" என்றாள் தட்டுத் தடுமாறி. "ஓட்டல்ல இருக்கோம். ரூமு நல்ல வெதுவெதுன்னு இருக்கு. தூக்கம் வருகு, வச்சிருங்க." அப்பாவும் அம்மாவும் அந்த வாரத்தில் பேசிக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆம்புலன்ஸ் வரும் வழியில் நின்று நின்று வருகிறது என்று தகவல் வந்தது. வெளியே படுக்கவைக்க முடியாத அளவு அம்மா நடுங்கத் தொடங்கியதும், அறையிலிருந்து எல்லாத் துணியையும் உருவிவிட்டு, காற்றோட்டம் வந்தபின், வாசலை ஒட்டிக் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்கவைத்தேன். கதவு முழுசாகத் திறந்தே கிடந்தது. தாழ்ப்பாள் இல்லை. இருந்தாலும் போட முடியாது. நான் நிலைப்படியில் உட்கார்ந்தேன். ஒரு கை அம்மாவின் மணிக்கட்டில்.

மஃப்ளர்காரர் எதிரே தூணில் சாய்ந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுபடி குடித்திருந்தார். சமையற்கட்டு ஆள் அவர் பக்கத்தில் நின்று, முன்பு பார்த்த அதே பார்வையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்களா, சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. என் பயம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை, நாடித்துடிப்பை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

"கதவ சாத்தேம்ட்டி" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். "ஊதக்காத்து உள்ள வருகு பாரு."

"வரட்டும்மா" என்றேன்.